வீடு ஆரம்பித்த நாள்

வின்ஸ்ட்ரி,
19 ஏப்ரல் 2017

அன்புத் தங்கை ஆடிரிக்கு,

அக்கா மேவிஸ் எழுதுகிறேன். என் முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் சௌக்கியம். அங்கே அந்தக் கடல் காற்றில் உன் இருமல் எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் இருமலைப் பற்றி எழுதினாய், மருந்து வாங்கியதைப் பற்றி எழுதவில்லை. வாங்கியிருக்க மாட்டாய். போனில் கேட்டுக்கொள்ளலாமே என்பாய். காதுக்குள் வைத்திருக்கும் இந்த மெஷினும் போனும் சேர்ந்தால் பன்றிக்குட்டி மாதிரி கத்துகிறது. நீ எழுது.

வீட்டை ஆரம்பித்துவிட்டோம் ஆடிரி! என் ஆப்பிள் தோட்டத்தில் பாதியைப் பேத்தி லோர்னாவுக்கு எழுதிக் கொடுத்தேன் அல்லவா, அதில்தான். அவள் புருஷன் டீன் கொத்தனார் என்பதால் செங்கல் வேலை முழுக்க அவன் கை. மற்றதெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்து. கைக்குழந்தை ஆல்பியோடு கேரவனில் ஒரு குளிர்காலத்தைக் கழித்துவிட்டார்கள், இன்னொன்றை அங்கே கழிக்கக் கூடாது. லோர்னாவைப் பெற்ற என் மகள் பேமிலா ஸ்பெயினில் வெயில் காய்கிறாள். அவளைப் பற்றி எழுதினால் தாள் போதாது.

"ஜேசிபி அடுத்த வியாழக்கிழமைதான் வரும் பாட்டி. அதுக்குள்ள என்ன அவசரம்?" என்றான் டீன்.

"பெரிய வெள்ளிக்கு ஜேசிபி எதுக்குடா? மண்வெட்டி போதும்" என்றேன்.

அப்பா எந்த வீட்டுக்குக் குடிபோனாலும் பெரிய வெள்ளியன்று தோட்டத்தில் உருளைக்கிழங்கு நட்ட பிறகுதான் அதை நம் வீடு என்பார். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் மண்ணில் பிசாசுக்கு அதிகாரம் இல்லை. டீன் ஒரு வரிசை வெட்டிக் கொடுத்தான். ஆரன் பைலட் ரகம், முளை விட்டது, நானே குனிந்து போட்டேன். மண்ணை மூடியதும், "இந்தா, வீடு ஆரம்பிச்சாச்சு" என்று சொன்னேன். அம்மா சொல்வது போலவே. லோர்னா என் பூட்ஸையும் மண்வெட்டியையும் சேர்த்து போட்டோ எடுத்துக்கொண்டாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜெப் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். 1987 செப்டம்பரில், பழம் கனிந்து தொங்கிய என் டாம்சன் மரத்தை, தன் பக்கம் சாய்கிறது என்று சொல்லி அடியோடு அறுத்துப் போட்டவன். அன்றிலிருந்து பேச்சு இல்லை. பார்க்கட்டும்.

நேற்று ஈஸ்டர் விடுமுறை முடிந்து கவுன்சில் திறந்ததும் லோர்னா முதல் ஆளாகப் போய், வேலை ஆரம்பிக்கிறோம் என்று ஒரு தாள் கொடுத்துவிட்டு வந்தாள். புது வீடு கட்டினால் கவுன்சிலுக்குக் கட்டுமான வரி கட்ட வேண்டுமாம். தன் கையால் கட்டித் தானே குடியிருப்பவர்களுக்கு அது கிடையாதாம், ஆனால் வேலை தொடங்குவதற்கு முன் அந்தத் தாள் போய்ச் சேர வேண்டுமாம். சேர்ந்துவிட்டது. நாளைக்கு ஜேசிபி வருகிறது.

மருந்து வாங்கு.

உன் அக்கா,
மேவிஸ்


சாண்ட்ஹேவன்,
2 மே 2017

அன்பு அக்காவுக்கு,

மருந்து வாங்கிவிட்டேன், பாட்டில் மேஜை மேல் இருக்கிறது, பாதி காலி. சத்தியம் வேண்டுமானாலும் செய்கிறேன். உன் முழங்காலுக்கு வாத்துக் கொழுப்பு தேய்க்கிறாயா, அல்லது அதற்கும் டாக்டர் மேல் ஏதாவது கோபமா?

வீட்டுச் செய்தி படித்து சந்தோஷமாக இருந்தது. இங்கே பெரிய வெள்ளியன்று நான் ஜன்னல் தொட்டியில் ஒரே ஒரு கிழங்கு போட்டேன். பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடச் சமையலறையில் கிழங்கு உரித்தவளுக்கு இன்னும் ஆசை தீரவில்லையா என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நீயாக இருந்தால் அவள் பேரன் பேத்தி காலம் வரைக்கும் அவளோடு பேசியிருக்க மாட்டாய்.

அஸ்திவாரம் போட்டுவிட்டார்களா? ஆல்பிக்குப் பல் வந்துவிட்டதா?

அன்புடன்,
ஆடிரி


வின்ஸ்ட்ரி,
27 மே 2017

ஆடிரிக்கு,

உடம்பைப் பற்றி விசாரிக்கிற நிலையில் இல்லை, ஆனாலும் நீ நன்றாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. எங்களுக்கு விலக்கு இல்லையாம். வரி முழுவதையும் கட்ட வேண்டுமாம், அதற்கு மேல் அபராதமும். டீன் ஒரு வருஷம் முழுக்கச் சாப்பிடாமல் உழைத்தாலும் கட்டித் தீராது. நாங்கள் பெரிய வெள்ளியன்றே வேலையைத் தொடங்கிவிட்டோமாம், தாள் அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்ததாம். பெரிய வெள்ளியன்று கவுன்சிலில் யார் இருந்தார்கள், கொடுக்க?

லோர்னாதான் எனக்குப் படித்துக் காட்டினாள். நடுவில் ஒரு இடத்தில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டாள்.

"பெரிய வெள்ளியன்னிக்கு மண்ணு வெட்டினது அவங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"தெரியல பாட்டி."

தெரியலையா? எனக்குத் தெரியும். அன்றைக்கு எங்களைத் தவிர அங்கே நின்றது ஒரே ஒரு ஆள். ஜெப். மரத்தை வெட்டிய கைக்குப் பேனா பிடிக்கத் தெரியாதா?

இந்த விவகாரம் தீரும் வரைக்கும் வங்கி கூரைக்கான பணத்தைத் தராது. வாங்கிய கடனைப் பகுதி பகுதியாகத்தான் தருவார்கள், அஸ்திவாரத்துக்கு ஒன்று, சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று. சுவர் இப்போது என் இடுப்பு உயரம். சுவர் முடிந்ததும் மேலே வானம்தான். வரியைக் கட்ட முடியாவிட்டால் இடத்தையே விற்க வேண்டும் என்று டீன் சொன்னான். என்னிடம் சொல்லவில்லை, லோர்னாவிடம் சொன்னான். காது மெஷினைக் கழற்றிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு.

மேவிஸ்


வின்ஸ்ட்ரி,
30 மே 2017

அன்புள்ள சின்னப் பாட்டிக்கு,

லோர்னா எழுதுவது. நீங்கள் நலமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

பாட்டி உங்களுக்கு எழுதியிருப்பாள். ஜெப் தாத்தா மேல் பழி போட்டிருப்பாள். அவர் யாரிடமும் எதையும் சொல்லவில்லை. கவுன்சிலுக்குச் சொன்னது நான்தான்.

அந்தத் தாளில் 'வேலை தொடங்கும் நாள்' என்று ஒரு கட்டம் இருந்தது. ஜேசிபி வரும் வியாழக்கிழமையைத்தான் எழுதியிருக்க வேண்டும். பேனாவை எடுக்கும்போது என் காதில் பாட்டி "வீடு ஆரம்பிச்சாச்சு" என்று சொன்னதுதான் இருந்தது. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு சந்தோஷமாக நான் எதையும் எழுதியதில்லை. பெரிய வெள்ளி என்று எழுதி, பாட்டியின் பூட்ஸ் போட்டோவையும் சேர்த்துக் கொடுத்தேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அம்மாள் தாளைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். எனக்குப் பின்னால் வரிசை நின்றது. முத்திரை குத்திவிட்டாள்.

கிழங்கு நட்டது தோட்டம் வரும் மூலையில், வேலி ஓரமாக. வீட்டுச் சுவர் அங்கே வரவே வராது. ஆனால் என் கையெழுத்தில் வேலை தொடங்கியது என்று இருக்கிறது, வெட்டிய மண்ணுக்குப் போட்டோவும் இருக்கிறது. போட்டோவில் பூட்ஸ்தான் தெரிகிறது, இடம் தெரியவில்லை.

பாட்டியிடம் சொல்லிவிடாதீர்கள். தன் ஒரு வார்த்தையால்தான் இப்படி ஆனது என்று தெரிந்தால் என்ன ஆவாள் என்று உங்களுக்குத் தெரியும். அவள் யாரையும் மன்னித்ததில்லை. தன்னையும் மன்னிக்க மாட்டாள்.

அன்புடன்,
லோர்னா


சாண்ட்ஹேவன்,
20 ஜூன் 2017

அன்பு அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. கண்ணுக்குப் புதுக் கண்ணாடி மாற்றினேன். வேறு ஒன்றுமில்லை. உன் முழங்கால் தேவலையா?

இங்கே இந்த வருஷம் நல்ல மத்தி மீன். கரையோரம் முழுக்கச் சுற்றுலாக்காரர்கள், நடக்க இடமில்லை. என் ஜன்னல் தொட்டிக் கிழங்கு பூ விட்டிருக்கிறது.

ஜெப் விஷயம் எழுதியிருந்தாய். உனக்கு நிச்சயமாகத் தெரியுமா அக்கா? ஆள் பார்த்ததற்கும் சொன்னதற்கும் நடுவில் தூரம் இருக்கிறதே. வயசான மனிதர், பெண்டாட்டியும் போய்விட்டாள். கொஞ்சம் விட்டுப் பிடியேன்.

லோர்னாவைக் கவனித்துக்கொள். அவளிடம் ரொம்பக் கேள்வி கேட்காதே.

அன்புடன்,
ஆடிரி


வின்ஸ்ட்ரி,
16 ஜூலை 2017

ஆடிரிக்கு,

கண்ணாடி மாற்றினாய், சரி. மத்தி மீனைப் பற்றி ஒரு பத்தி எழுதினாய். பேத்தியின் வீடு கைவிட்டுப் போகப் போகிறதே என்று ஒரு வரி எழுதினாயா? எழுதவில்லை. உனக்கு எப்போதும் கஷ்டமான விஷயம் வந்தால் வானிலை ஞாபகம் வரும். அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோதும் மழையைப் பற்றித்தான் எழுதினாய். இங்கே எல்லாரும் உயிரோடு இருக்கிறோம்.

மேல்முறையீடு போட்டாகிவிட்டது. இலவசமாக ஆலோசனை சொல்லும் ஒரு பெண் உதவி செய்கிறாள். மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி வந்து பார்த்து, வேலை எந்த நாளில் தொடங்கியது என்று முடிவு சொல்வாராம். தோட்டத்தில் கிழங்கு நட்டால் அது கட்டட வேலை ஆகாதாம். சுவருக்கு மண் வெட்டியிருந்தால்தான் ஆகுமாம்.

"அந்தச் செடிங்க இன்னும் இருக்கா? இருந்தா இடத்தைக் காட்டலாம்" என்று கேட்டாள் அந்தப் பெண்.

"போன வாரம்தான் தோண்டி வேகவெச்சு வெண்ணெய் போட்டுத் தின்னோம். முன்னாடியே சொல்லியிருந்தா ஒரு தட்டு எடுத்து வெச்சிருப்பேன்" என்றேன்.

சிரிக்க மாட்டேன் என்று உதட்டைக் கடித்துக்கொண்டாள். இப்போது அந்த இடத்தில் டீனின் செங்கல் குவியல். வெளியாள் ஒருவரின் சாட்சி இருந்தால் நல்லது என்றாள். "அதை நான் பார்த்துக்கறேன்" என்று லோர்னா அவசரமாகச் சொன்னாள்.

நேற்று சர்ச் திடலில் கோடை விழா. வழக்கம் போல் தேநீர் மேஜை எனக்கு. ஜெப் வரிசையில் வந்து நின்றான், கையில் கோப்பையோடு.

"பால் போதும், சர்க்கரை வேணாம்" என்றான், எனக்குப் பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்து.

"அவருக்குச் சர்க்கரை எதுக்கு? கவுன்சிலுக்குப் போய்ப் போய்ச் சொல்லி வாய் ஏற்கெனவே இனிச்சுக் கிடக்கு" என்றேன்.

திடலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பாதிரியார் கேக்கைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

"என்ன சொல்றே மேவிஸ்?" என்றான். முப்பது வருஷத்தில் முதல் தடவை என் பெயரைச் சொல்கிறான்.

"கைக்குழந்தையைக் குளிர்ல போட்டுட்டு நீ சூடா டீ குடிக்கறேன்னு சொல்றேன். காட்டிக் கொடுக்கறவனுக்கு என் கையால டீ கிடையாது."

அவன் கோப்பையை மேஜை மேல் வைத்தான். மெதுவாக, தட்டில் சத்தம் வராமல் வைத்துவிட்டுப் போய்விட்டான். லோர்னா ஆல்பியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினாள். அவமானம் என்று நினைத்திருப்பாள். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மேவிஸ்


சாண்ட்ஹேவன்,
24 ஜூலை 2017

அன்பு அக்காவுக்கு,

உட்கார்ந்துகொண்டு படி. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மெதுவாக. லோர்னாவைப் படிக்கச் சொல்லாதே.

கஷ்டமான விஷயம் வந்தால் வானிலையைப் பற்றி எழுதுவேன் என்றாய். உண்மைதான். இன்றைக்கு எழுத மாட்டேன்.

ஜெப் யாரிடமும் சொல்லவில்லை. தாளில் பெரிய வெள்ளி என்று எழுதியது லோர்னா. ஏன் எழுதினாள் என்றால், நீ கிழங்கை மூடிவிட்டு வீடு ஆரம்பிச்சாச்சு என்று சொன்னாய். அவள் நம்பினாள். நம் வீட்டில் வளர்ந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் எழுதியிருப்பாள், நானும்கூட. வேறு எந்த வீட்டிலும் ஒருத்தி அப்படி எழுதியிருக்க மாட்டாள்.

மே மாதமே எனக்கு எழுதிவிட்டாள். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கெஞ்சினாள். உன்னைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்தாள், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நீ அந்த மனிதரை ஊர் நடுவில் வைத்து அப்படிப் பேசிய பிறகு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதில் எனக்கும் பங்கு வந்துவிடும்.

அவளைத் திட்டாதே. என்னைத் திட்டிக்கொள்.

ஆடிரி


வின்ஸ்ட்ரி,
3 ஆகஸ்ட் 2017

ஆடிரிக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன்.

மே, ஜூன், ஜூலை. நீ மறைத்த மாதங்கள். ஞாபகம் வைத்துக்கொள்கிறேன்.

லோர்னாவைத் திட்டவில்லை. அவளுக்குப் பிடித்த ருபார்ப் பலகாரம் செய்து கேரவன் வாசலில் வைத்தேன். கதவைத் திறந்து, "உங்களுக்குத் தெரிஞ்சிருச்சா?" என்று கேட்டாள். "ஆறிடப் போகுது, தின்னு" என்றேன்.

இன்று அந்த ஆலோசனைப் பெண் ஒரு தாளை டைப் அடித்துக் கொண்டு வந்தாள், நான் கையெழுத்துப் போட. 'வீட்டு வேலை பெரிய வெள்ளியன்று தொடங்கவில்லை என்று உறுதியளிக்கிறேன்' என்று இருக்கிறது. நான் போட மாட்டேன். வீடு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது. லோர்னா எழுதியது என் வார்த்தை. அது தப்பு என்று நானே கையெழுத்துப் போட்டால், பொய் சொன்னது யார், அவளா நானா? என்னை நம்பி எழுதியவளை நானே முட்டாள் ஆக்குவதா?

பதில் எழுத வேண்டாம்.

மேவிஸ்


சாண்ட்ஹேவன்,
11 செப்டம்பர் 2017

அன்பு அக்காவுக்கு,

நீ வேண்டாம் என்று எழுதியும் எழுதுகிறேன். உன் முழங்காலைப் பற்றி யாரும் எனக்குச் சொல்வதில்லை.

லோர்னா போன் செய்தாள். சுவர் முடிந்துவிட்டதாம், மேலே தார்ப்பாய் கட்டியிருக்கிறார்களாம், காற்றடித்தால் அதைப் பிடித்துக்கொள்ள டீன் எழுந்து ஓடுகிறானாம். ஆல்பிக்கு நெஞ்சில் சளியாம். இந்த மாதக் கடைசிக்குள் உன் தாள் போக வேண்டுமாம். அதை அவள் உன்னிடம் கேட்க மாட்டாள். "பாட்டிக்கு எது சரின்னு படுதோ அதைச் செய்யட்டும்" என்றாள். குரலில் கோபமே இல்லை அக்கா. கோபம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

இனி உன் இஷ்டம்.

ஆடிரி


வின்ஸ்ட்ரி,
29 செப்டம்பர் 2017

அன்புத் தங்கை ஆடிரிக்கு,

முழங்கால் அப்படியேதான். வாத்துக் கொழுப்பு தேய்த்துக்கொள்கிறேன், டாக்டருக்குத் தெரியாமல். ஆல்பிக்குச் சளி இறங்கிவிட்டது. உன் இருமலைப் பற்றி எழுது.

உன் கடிதம் வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோட்டை மாட்டிக்கொண்டு ஜெப் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தான். இத்தனை வருஷமாக வேலிக்கு மேல் தெரியும் தலையை மட்டும் பார்த்து அவன் உயரமானவன் என்று நினைத்திருந்தேன். அப்படியில்லை. வேலிக்குப் பக்கத்தில் ஏதோ மேடு போலிருக்கிறது.

"திட்டறதா இருந்தா உன் வீட்லேந்தே திட்டலாம். எனக்குக் காது நல்லாக் கேக்குது" என்றான்.

"திட்ட வரல. கவுன்சிலுக்குச் சொன்னது நீ இல்லை."

"நான் இல்லைங்கறது எனக்குத் தெரியும்."

"இப்ப எனக்கும் தெரியும். அதைச் சொல்லத்தான் வந்தேன். மரத்தை வெட்டினது நீதான். அது அப்படியே இருக்கு."

"அது வியாதி பிடிச்ச மரம்."

"அதுக்கு வியாதி இல்லை."

"சரி, உள்ள வா. வாசல்ல நின்னா முட்டிக்கு ஆகாது."

போனேன். தேநீர் போட்டான். சர்க்கரை வேணுமா என்று கேட்கவில்லை, டப்பாவை மட்டும் என் பக்கம் தள்ளினான். எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

கேள், ஆடிரி. லோர்னா ஜூன் மாதமே அவனிடம் போயிருக்கிறாள். வேலி ஓரத்தில், தோட்டத்து மூலையில் கிழங்கு நட்டதைப் பார்த்தேன் என்று அவன் அப்போதே எழுதிக் கொடுத்துவிட்டான். கோடை விழாவுக்கு முன்னாலேயே.

"அப்புறம் நான் அவ்வளவு பேசினேனே. போய் அதைத் திருப்பி வாங்கியிருக்கலாமே?" என்று கேட்டேன்.

"நீ என்னைத் திட்டினதுக்கும், நீ கிழங்கு நட்ட இடத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்றான்.

சர்க்கரையைப் போட்டுக் கலக்கினேன். நான் அவன் இடத்தில் இருந்திருந்தால் திருப்பி வாங்கியிருப்பேன். உனக்கும் அது தெரியும்.

பிறகு அந்தத் தாள் விஷயத்தைச் சொன்னேன். வீடு அன்றைக்கு ஆரம்பிக்கவில்லை என்று என்னால் எழுத முடியாது என்றேன். சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

"உன் வீடு எப்ப ஆரம்பிச்சுதுன்னு அந்த அதிகாரி உன்னைக் கேக்கவே மாட்டார் மேவிஸ். எங்க வெட்டினே, எவ்வளவு ஆழம், உள்ள என்ன போட்டே, இதான் அவருக்கு வேணும். அதை மட்டும் எழுது. மிச்சம் உன்னோட இருக்கட்டும்."

அந்தப் பெண் அடித்துக் கொண்டுவந்த தாளைக் கிழித்துவிட்டேன். நானே என் கையால் எழுதினேன். பெரிய எழுத்தாகத்தான் வருகிறது, பிழையும் இருக்கும். வேலியிலிருந்து இரண்டு எட்டு தள்ளி, மண்வெட்டித் தலை அளவு ஆழம், ஆரன் பைலட், டீன் வெட்டினான், நான் போட்டேன், காற்று மேற்கிலிருந்து அடித்தது, ஜெப் பச்சைத் தொப்பி போட்டிருந்தான். என்ன ஞாபகம் இருந்ததோ அத்தனையும் எழுதினேன். வீடு என்ற வார்த்தையை எழுதவே இல்லை.

லோர்னா படித்துவிட்டு என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "நான் எழுதினது தப்புன்னு நீங்க எழுதவே இல்லையே" என்றாள்.

"தப்பு இல்லைன்னா எதுக்கு எழுதணும்?" என்றேன்.

நீ மறைத்ததை மறக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி இந்த வருஷம் பேச வேண்டாம்.

உன் அக்கா,
மேவிஸ்


வின்ஸ்ட்ரி,
12 ஜனவரி 2018

அன்புத் தங்கை ஆடிரிக்கு,

புது வருஷத்தில் உனக்கு நெஞ்சும் கண்ணும் காலும் ஒழுங்காக இருக்க வேண்டும். கிறிஸ்துமஸுக்கு நீ அனுப்பிய கம்பளிச் சாக்ஸைப் போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். ஒன்று கொஞ்சம் நீளம்.

முடிவு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம்.

நவம்பரில் அதிகாரி வந்து பார்த்துவிட்டுப் போனார், மழைக்கோட்டும் தோல் பையுமாக. செங்கல் குவியலைச் சுற்றி வந்தார், வேலியிலிருந்து எட்டு வைத்து அளந்தார். அப்போது யாரும் அவரிடம் பேசக் கூடாது என்று சட்டமாம். என் வாய்க்கு அது பெரிய வேலையாகப் போய்விட்டது.

இன்று காலையில் லோர்னா கையில் கடிதத்தோடு, செருப்பு கூடப் போடாமல், சேற்றில் ஓடி வந்தாள். பின்னாலேயே ஆல்பியைத் தூக்கிக்கொண்டு டீன். என் சமையலறையில் உட்கார்ந்து, எனக்குக் கேட்கும்படி உரக்கப் படித்தாள். வேலை தொடங்கியது ஜேசிபி வந்த வியாழக்கிழமைதானாம். தாள் அதற்கு முன்னாலேயே கவுன்சிலுக்குப் போய்விட்டதாம். அதனால் விலக்கு உண்டு, வரி இல்லை, அபராதமும் இல்லை. டீன் ஆல்பியின் வயிற்றில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். அழுதான் என்று நினைக்கிறேன். பையன் கூச்சத்தில் கத்திச் சிரித்தான்.

"ஏன் அப்படி முடிவு பண்ணாங்கன்னு காரணம் எழுதியிருக்காங்களா? அதையும் படி" என்றேன்.

படித்தாள். 'அன்று நடந்தது தோட்டத்தில் உருளைக்கிழங்கு நடுதல் மட்டுமே என்பதைத் திருமதி மேவிஸ் பிரீஸின் விரிவான வாக்குமூலமும் பக்கத்து வீட்டுக்காரரின் சாட்சியமும் காட்டுகின்றன. இச்செயலுக்கும் வீட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.'

"கடைசி வரியை இன்னொரு தடவை படி."

படித்தாள்.

"தொடர்பு இல்லையாமா?"

"ஆமா பாட்டி. அப்படி எழுதினதாலதான் நாம ஜெயிச்சோம்."

"ஜெயிச்சோம், சரி. அந்த ஆள் பேர் என்ன?"

லோர்னா கடிதத்தை மடித்து முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "பாட்டி, வேணாம்."

"பேரைச் சொல்லு."

"நமக்கு நல்லது பண்ணியிருக்கார் பாட்டி!"

"யார் இல்லேன்னாங்க? பேரைச் சொல்லு."

டீன் சிரிப்பு தாங்காமல் சுவரில் சாய்ந்துவிட்டான். "சொல்லிடு லோர்னா. விட மாட்டாங்க" என்றான்.

திங்கட்கிழமை கூரைக்கு ஆள் வருகிறார்கள். வங்கியும் பணத்தை விடுவதாகச் சொல்லிவிட்டது. வசந்தத்துக்குள் கேரவனை விற்றுவிடலாம் என்கிறான் டீன். ஜெப்பிடம் நானே போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினான். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் வாசலில் நின்று, வரப்போகும் கூரையைப் பற்றிப் பேசினோம். ஓடு போடுவதா ஸ்லேட் பலகை போடுவதா என்று. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, ஸ்லேட் என்கிறான்.

அதிகாரி நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும், ஆடிரி. நான் எழுதியதை ஒரு எழுத்து விடாமல் படித்திருக்கிறார், என் பிழைகளையும் சேர்த்து. என் கொள்ளுப்பேரன் தலைக்கு மேல் கூரை கொடுத்திருக்கிறார். அதற்காகத் தினமும் அவருக்கு ஜெபம் செய்கிறேன். ஆனால் அந்த ஒரு வரியை மறக்கப் போவதில்லை. பெயர் லாங்ஸ்டாஃப். நீயும் ஞாபகம் வைத்துக்கொள். நீ என்னைவிட ஐந்து வயது சின்னவள், எனக்குப் பிறகு இந்தக் கணக்கை யாராவது வைத்திருக்க வேண்டும்.

சளி பிடிக்காமல் இரு.

என்றும் உன் அக்கா,
மேவிஸ்